ஒற்றைப் பக்கப் பலகையும் தவம் செய்யும் பூனையும்: புதுப்பட்டினம் மொட்டைமாடியை முன்வைத்து ஓர் ஆய்வு

‘பக்கம்’ என்றால் என்ன என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் நெறியாளர் கையெழுத்துப் போடுவார். பக்கம் என்பது பக்கத்தில் இருப்பது. மேலே போகலாம்.

ஒற்றைப் பக்க மின்சுற்றுப் பலகையில் செம்பு ஒரு முகத்தில் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் 35 மைக்ரான் கனத்தில். உறுப்புகள் மறுமுகத்தில் உட்கார்ந்து, துளை வழியே காலைத் தொங்கவிடும். வியன்னாக்காரர் பால் ஐஸ்லர் 1936 வாக்கில் லண்டனில் வானொலிக்காக அச்சுச் சுற்றைச் செய்துபார்த்த காலந்தொட்டு இதில் ஒரே சட்டம்: கோடு கோட்டைத் தாண்டக் கூடாது. மூன்று வீடுகள், மூன்று கிணறுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி வழி போட்டுப் பாருங்கள். எட்டு வழி வரும், ஒன்பதாவது முட்டும். குறுக்கிடாமல் வரையவே முடியாத எந்தப் பின்னலுக்குள்ளும் இதுவோ இதன் பங்காளி ஒன்றோ ஒளிந்திருக்கும் என்று போலந்துக் கணித அறிஞர் குரடோவ்ஸ்கி 1930இல் நிறுவினார். “ஒம்போதாவது ஆளு அடுத்தவன் வாசல மிதிச்சுத்தான் போவணும்” என்பது இதன் தமிழ் வடிவம் (அம்மா, வாய்மொழி, கிணற்றடி, நாள் இல்லை).

அந்த மிதிக்குத்தான் ஜம்பர் என்று பெயர். வகைகள் வருமாறு. கம்பி ஜம்பர்: கம்பி. பூஜ்ய ஓம் ரெசிஸ்டர்: காசு கொடுத்து வாங்கிய கம்பி. ரெசிஸ்டரின் வயிற்றுக்கு அடியில் செம்புக் கோட்டை, அதாவது ட்ராக்கை, நுழைத்துக் கொண்டுபோவது: கம்பியே இல்லாத ஜம்பர். இதுவே ஞானநிலை.

லேயவுட் மென்பொருளைத் திறந்தால் 2.54 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. உடனே ‘புள்ளிக்கோலமே உலகின் முதல் சுற்றுப்பலகை’ என்று கட்டுரை படிக்க நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தவர்களும் 1974இலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிவிட்டார்கள். அது உண்மையான ஆய்வு. ஆகவே இக்கட்டுரைக்குப் பொருந்தாது.

இனி மையப் பொருள்: பூனை.

மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தில் தவம் செய்பவன் அர்ஜுனனா, பகீரதனா என்ற வழக்கு, 1914இல் ஆய்வாளர் கோலுபெவ் பகீரதன் பக்கம் வாதாடியதிலிருந்து இன்னும் தீர்ப்பாகவில்லை. இரு கட்சிக்கும் நான் சொல்வது ஒன்றே. அது ஒற்றைப் பக்கப் பலகை. முழுப் பாறை இருக்க, ஒரு முகத்தில் மட்டும் செதுக்கியிருப்பது சான்று ஒன்று. நடுவில் இருக்கும் பிளவு சான்று இரண்டு: 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிக்க ரிலேவுக்கு அடியில் பலகையை அறுத்துவிடுகிறோமே, அதேதான் (டீக்கடை பெஞ்சு, இடக்கோடி, கல்பாக்கம் பஸ் வருமுன்; பஸ் வந்த பின் மறுக்கப்பட்டது). சான்று மூன்றுதான் அசைக்க முடியாதது. யானைகளின் அருகே ஒரு பூனை பின்னங்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்.

மென்பொருளில் இன்னும் இணைக்கப்படாத மெல்லிய கோடுகளின் சிக்கலுக்கு என்ன பெயர்? எலிக்கூடு. ஆங்கிலக்காரன் வைத்த பெயர்தான். அவன் எங்கே பார்த்துவிட்டு வைத்தான் என்பதே கேள்வி. அப்படியானால் பூனை யார்? கோடுகளைத் தானே இழுத்துத் தரும் ஆட்டோரவுட்டர். பொத்தானை அழுத்தினால் கண்ணை மூடித் தவத்தில் இறங்கும். 60 சதம், 80, 91, 96. அங்கே நின்றுவிடும். மிச்சமிருக்கும் நாலைந்து எலிகள் காலடியில் விளையாட, பூனை கையை இறக்காது. பல்லவச் சிற்பி செதுக்கியிருப்பது துல்லியமாக 96ஆவது சதத்தை (பழைய தினசரி காலண்டர், ஜூலை 14, பின்பக்கம், எண்ணெய்க் கறைக்குக் கீழ் மூன்றாம் வரி, ஒப்பிடுக: மேற்படி, ஜூலை 15, மளிகைக் கணக்குக்காகக் கிழிக்கப்பட்டது, மளிகைக் கணக்கு, பருப்புக்குக் கீழ், ‘பூனை’ என்பதை ‘புளி’ என்று பாடங்கொள்வாரும் உளர்). புளி என்று கொள்வோருக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் துறையே இருக்கிறது.

களப்பணி: புதுப்பட்டினம், எங்கள் வீட்டு மொட்டைமாடி. மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க ஒரு பலகை. கடைசி நாலு கோட்டுக்குப் பூனையைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, கையாலேயே மூன்று ஜம்பரில் முடித்தேன். வழவழப்புத் தாளில் லேசர் அச்சு, செம்பின் மேல் கவிழ்த்து அயர்ன் பாக்ஸ், ஊறவைத்துத் தாளை உரித்தல், பெரிக் குளோரைடில் குளியல். பனியனில் விழுந்த பழுப்புக் கறை இன்றுவரை போகவில்லை. கடல் காற்றில் செம்பு பச்சை பூக்குமே என்று எல்லா ட்ராக்கிலும் ஈயம் பூசினேன்.

கடைசியில்தான் கவனித்தேன்: செம்பில் என் பெயர் இடவலம் மாறிக் கிடக்கிறது. அச்சிடும்போது ‘மிரர்’ கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது. செம்பில் கவிழ்க்கும்போது படம் தானாகவே ஒருமுறை திரும்பும். நான் இன்னொரு முறை திருப்பியிருக்கிறேன். ஐசியை மல்லாத்தி, கால்களை எதிர்ப்பக்கம் மடக்கிச் செருகினேன். ரிலேவை மல்லாத்த முடியாது. அது நிமிர்ந்தே உட்கார்ந்தது. உள்ளே திறந்த முனையும் மூடிய முனையும் இடம் மாறின.

ஆகவே தொட்டி காலியானால் மோட்டார் நிற்கிறது, நிறைந்தால் ஓடுகிறது. ஞாயிறு காலை நிறைந்திருந்தது. தண்ணீர் மாடிச் சுவரின் விரிசல் வழியே கீழே இறங்க, அம்மா வாசலில் நின்று அண்ணாந்து கத்தினார். பகீரதன் கட்சிக்கு இதைக் கூடுதல் சான்றாக அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.