முரசுக்குள்ளே வீரர்கள்

கேள்வி: குணமும் குறையும் கலந்த படத்தை ‘சுமார்’ என்று ஒரே வார்த்தையில் விமரிசித்துவிட்டால் போதாதா?

பதில்: போதவே போதாது, ஐயா! அப்படி எழுதுகிறவர் படத்தைப் பார்த்தாரா, சுவரொட்டியைப் பார்த்தாரா என்றல்லவா சந்தேகம் வருகிறது! 1948-ல் வாசன் தயாரித்து டைரக்ட் செய்த ‘சந்திரலேகா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மாசனத்துக்கும் ஒரு பெண்ணுக்குமாக இரண்டு ராஜகுமாரர்கள் மல்லுக்கு நிற்கும் அதன் கதை, பாட்டிமார் திண்ணையில் சொல்லும் கதைக்கு மேல் ஓர் அங்குலமும் உயராதது. நடுவில் வரும் சர்க்கஸோ, ரஸமானதுதான் என்றாலும், தன் வித்தைகளையெல்லாம் காட்டித் தீர்த்த பிறகே கதைக்கு வழிவிடுகிறது. ஆனால், பிரம்மாண்டமான முரசுகள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின்மேல் நர்த்தகிகள் ஆடி முடித்ததும், அம்முரசுகளின் வயிற்றிலிருந்து வீரர்கள் திபுதிபுவென்று வெளிப்பட்டுப் பாய்கிறார்களே, அங்கே நாட்டியமே சூழ்ச்சியாகவும், சூழ்ச்சியே கதையாகவும் ஆகிவிடுகிறது. வெறும் அலங்காரத்துக்குப் போட்ட ஆட்டமல்ல அது! இப்படிக் குணம், குறை இரண்டையும் இடம் சுட்டிச் சொல்லுகிற விமரிசகர்தான், அடுத்த படம் எடுக்கிறவருக்கும் டிக்கெட் வாங்குகிறவருக்கும் மெய்யான உபகாரி. படமுதலாளி கோபித்தால் கோபிக்கட்டும். அந்த ராஜகுமாரர்களாக வரும் ரஞ்சனும் எம்.கே.ராதாவும் கடைசியில் போடும் கத்திச்சண்டை அநியாய நீளம் என்பது என் கட்சி. ஆயினும் அதை இமை கொட்டாமல்தான் பார்த்தேன்.