கயிற்றில் கை வைத்தவர்கள்

பங்குனியில் வாடைக் கடல் அடங்கியதும் முல்லைத்தீவுச் சிலாவத்தையில் கரைவலைக் காலம் தொடங்கும். தோணி ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுப் போய், வலையை அரைவட்டமாக வளைத்து, மறுதலைப்பைச் சற்றுத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பாப் பாட்டுக்குக் கால் மாற்றி இழுப்பார்கள். மடி கரையேற மணித்தியாலக் கணக்கில் செல்லும்.

எங்கள் அப்பு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அல்ல. கயிறு இழுக்கப் போகிற ஆள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் பக்கத்தில் நிற்க விடுவார். "கை வைச்சவனுக்குக் கறிக்கு மீன் இருக்கு" என்பார். கரையில் அதுதான் சட்டம். சம்மாட்டியின் பங்கு, இழுத்தவர்களின் பங்கு எல்லாம் பிறகு, முதலில் கறிமீன். சின்னப் பொடியனுக்கும் உண்டு. புருசனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்குக் கை வைக்காமலே உண்டு. சூடையும் கீரியும் நிறைந்த உமலோடுதான் நாங்கள் வீட்டுக்குப் போவோம்.

தெற்கிலிருந்தும் மீனவர்கள் வருவார்கள். மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் எங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தவர்கள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடி போட்டுத் தொழில் செய்துவிட்டு, மாரிக்கு முன் திரும்பிவிடுவார்கள். 1984 மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் இராணுவத்தால் விரட்டப்பட்டது. பருவகாலத் தொழிலுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கே நிலைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் முள்ளியவளைப் பக்கம் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். வாடி போட வந்த ஏழை மீனவனில் எனக்கு இன்றும் கோபமில்லை. ஊரைக் காலிசெய்தவர்களை மன்னிக்க முடியவில்லை.

2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை கள்ளப்பாட்டையும் முல்லைத்தீவு நகரையும் வழித்துக்கொண்டு போனது. 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் போரின் முடிவு. கயிறு இழுத்தவர்களில் பலர் அங்கிருந்து திரும்பவில்லை.

இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கிறது. கையால் இழுத்த வலை மெல்ல வரும். குஞ்சுகள் தப்ப நேரமிருக்கும். வின்ச் மூச்சு விடாமல் இழுத்து, அடிமண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. என் மச்சானும் அப்படித்தான் தொழில் செய்கிறான். ஏனென்று கேட்டேன்.

"ஆக்கள் எங்க மச்சான் இருக்கினம்? ஒருத்தன் கனடாவில, ஒருத்தன் கொழும்பில. மிசின் இல்லாட்டி வலை கடலிலதான் கிடக்கும்."

அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் கயிறு போனதோடு கறிமீனும் போய்விட்டது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆச்சிமார் மோட்டார் சைக்கிளில் வருகிறவனிடம் சூடையை விலைக்கு வாங்குகிறார்கள். நந்திக்கடலிலும் இதே பாடுதான்: இறாலுக்குப் பேர்போன அந்தக் களப்பு மண் நிரம்பிக் கிடக்கிறது. தூர்வாரித் தரும்படி மீனவர் கேட்டார்கள். ஆனால் 2017இல் அது இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. களப்போரத்து வட்டுவாகலில் நூற்றுக்கணக்கான ஏக்கர் காணி கடற்படையிடம் இருக்கிறது.

படம் எடுக்க வருகிறவர்கள் சிலாவத்தையின் வெறும் மணலைப் பார்த்து, கைபடாத கரை என்று புகழ்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. எத்தனை கை பட்ட கரை இது! அந்தக் கைகள் இல்லாத வெறுமையை அழகு என்று நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

வருடத்தில் ஒரு நாள் மட்டும் கரை நிறையும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்காகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுப்பார்கள். அந்த உப்புநீரில்தான் முதலில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலிலும் பிறகு அம்மனுக்கும் விளக்கெரியும். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். போன தீர்த்தமெடுப்பில் மச்சான் அந்தக் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இதில பத்திருபது பேர் பருவம் முடியுமட்டும் நிண்டாக் காணும். மிசினை நாளைக்கே கழட்டிவிடுவன்."