கெடா மீனுக்குக் குளிருதாம்!

என்னடா பேராண்டி, மீன் தொட்டிக்கு 300 வாட்டுல ஹீட்டர் வாங்கியாந்திருக்கியாமே? சுங்கைப்பட்டாணி பூரா அவனவன் ஏர்கோன் ரிப்பேர்காரன் வரலியேன்னு போன் போட்டுக்கிட்டுக் கெடக்கான். நீ தண்ணியச் சுட வைக்கப் போற. 1025-ல ராசேந்திர சோழன் கடாரத்து மேல, அதான் நம்ம கெடா மேல, படையெடுத்த கதைய நம்ம கோயில் திருவிழாவுல ஒரு பேச்சாளர் நீட்டி முழக்கினாரு. யானையப் புடிச்சான், பொக்கிஷத்த அள்ளினான், வாசல் தோரணத்தக்கூட விடலேன்னு மெய்க்கீர்த்தியில வருதாம். கம்பளி கொண்டாந்தான்னு எங்கயும் வரல. இந்த ஊர்ல ஆயிரம் வருஷமா எவனும் குளிருதுன்னு சொன்னதில்ல. உன் மீனுதான் மொத ஆளு.

பக்கத்துல பெர்லிஸ் இருக்கே, அங்க சூப்பிங்ல 1998 ஏப்ரல் 9-ந் தேதி 40.1 டிகிரி அடிச்சுது. மலேசியாவுல இன்னிக்கும் அதுதான் ரெக்கார்டு. மூணு நாள் சேந்தாப்புல 35-க்கு மேல போனா மெட் மலேசியாக்காரன் மொத எச்சரிக்கை குடுப்பான், 37 தாண்டினா ரெண்டாவது, 40 தாண்டினா மூணாவது. 2024 வெயில்ல கெடாவுக்கும் எச்சரிக்கை வந்துச்சு. ஏர்கோன் இல்லாத வீட்டுல தொட்டித் தண்ணி விடியக்காலையில 26, மத்தியானத்துல 29, 30-ன்னு தானாவே நிக்கும். கப்பி, மோலி, பிளாட்டி, கவுராமி எல்லாத்துக்கும் அதுவே சொகுசு. தங்கமீனுக்கு அதுவே கொஞ்சம் அதிகம். தங்கமீன் தொட்டிக்கு ஹீட்டர் போடுறவன எனக்குத் தெரியும். மீனுக்குப் பேசத் தெரிஞ்சா அவன் மேல போலீஸ்ல ரிப்போர்ட் குடுத்திருக்கும்.

நாங்க மீனு வளக்கலியா? பெண்டாங் பக்கம் வயக்காட்டு வாய்க்கால்ல இக்கான் லாகா, அதான் சண்டைமீனு, புடிப்போம். லோங்காங்ல கப்பிய வேட்டி முனையால அள்ளுவோம். ஹார்லிக்ஸ் போத்தல்ல தண்ணி, உள்ள காஞ்ச கெத்தாப்பாங் எலை ஒண்ணு. லயத்துப் படிக்கட்டுக்குக் கீழ வெச்சா, அதுதான் அக்குவாரியம். ரெண்டு போத்தல ஒட்டி வெச்சு நடுவுல அட்டைய உருவினா, சண்டைக்கு ரெண்டும் செவுளப் பொடச்சுக்கிட்டு நிக்கும். ஹீட்டரும் கெடையாது, பில்டரும் கெடையாது.

சிரிக்காத. நானும் ஹார்வர்டுலதான் படிச்சேன். பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டம். அங்க எங்களுக்குப் பட்டம் குடுக்கல, பால் வாளி குடுத்தாங்க. அந்தப் படிப்பை வெச்சுத்தான் இப்பப் பேசுறேன், கேட்டுக்க.

உனக்கு ஹீட்டர் வேணாம்னு சொல்ல வரல. உன் கேடு வெயில்ல இல்ல, சொவத்துல மாட்டியிருக்குற பொட்டியில இருக்கு. குலிம் ஹைடெக்ல நைட் ஷிப்டு முடிச்சுட்டு வர்ற. ஜன்னலச் சாத்தி, ஏர்கோன 18-ல வெச்சுட்டு, போர்வைக்குள்ள பூந்துக்குற. தொட்டியும் அதே ரூம்ல. காலையில 28-ல இருந்த தண்ணி நீ எந்திரிக்குறப்போ 24-க்கு வந்துரும். நீ வேலைக்குப் போனதும் மறுபடி ஏறும். தெனம் ஏத்தம், தெனம் எறக்கம். மீனு குளிருல சாகுறதவிட இந்த ஆட்டத்துலதான் சொணங்குது. ஒடம்புல வெள்ளை வெள்ளையா உப்புத் தூவினாப்புல புள்ளி வருதுன்னு போன வாரம் போட்டோ அனுப்புனியே, அது பெரும்பாலும் இதுல ஆரம்பிக்குறதுதான்.

மொத வைத்தியம் காசில்லாதது. தொட்டியத் தூக்கி ஹால்ல வை. முடியாதா? உங்கம்மா ஹால்ல எடம் குடுக்க மாட்டாளா? சரி, அவகிட்டப் பேச எனக்கும் தைரியம் இல்ல. அப்ப ஹீட்டருக்கு வருவோம்.

ஹீட்டருக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வாங்கினியா? வாங்கியிருக்க மாட்ட. நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்குறவனுக்கு அஞ்சு வெள்ளிச் சாமான் கண்ணுல படாது. அத வாங்கி ஒரு வாரம் தூங்கப் போகும்போதும் எந்திரிச்சதும் பாத்து எழுது. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு டிகிரிக்குள்ளதான் வித்தியாசம்னா ஹீட்டரக் கடையிலயே திருப்பிக் குடுத்துரு. ஹீட்டர் தலையில இருக்குற நம்பர நம்பாத. 26-ல திருப்பி வெச்சா தண்ணி 28-ல நிக்கும், இல்லேன்னா 25-ல நிக்கும். தெர்மாமீட்டர் சொல்றதப் பாத்து நம்பரத் திருப்பணும். நம்பரப் பாத்து மீன நம்பச் சொல்லக் கூடாது.

இப்ப அந்த 300 வாட்டுக்கு வருவோம். உன் தொட்டி ரெண்டடி நீளம், ஒரடி அகலம், ஒரடி ஒசரம். விளிம்பு வரைக்கும் ரொப்பினாலும் 56 லிட்டருதான். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 4,186 ஜூல் வேணும்னு ஸ்கூல்ல படிச்சிருப்ப, மறந்திருப்ப. கணக்குப் போடு. 300 வாட்டு விடாம எரிஞ்சா கால் மணி நேரத்துக்குள்ள ஒரு டிகிரி ஏறும். 28-ல இருக்குற தண்ணி ரெண்டரை மணி நேரத்துல 38. நீ தூக்கத்துல மொதக் கனவ முடிக்குறதுக்குள்ள சூப்பு ரெடி. 50 வாட்டு ஹீட்டர் அதே மாதிரி விடாம எரிஞ்சா ஒரு டிகிரிக்கு ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும். தண்ணி சூடாக ஆக வெளிய போற சூடும் கூடும், அஞ்சாறு டிகிரி ஏறுனதும் ரெண்டும் சரிக்குச் சரியாயி நின்னுரும். மீனு வாயப் பொளந்துக்கிட்டு மேல வரும். ஆனா நீ வந்து பாக்குற வரைக்கும் உசுரு இருக்க வாய்ப்பு இருக்கு.

ஏன் விடாம எரியுதுன்னு கேளு. உள்ள ரெண்டு விதமான உலோகத்த ஒட்டின ஒரு தகடு இருக்கு. சூடு பட்டா ஒண்ணு அதிகமா நீளும், ஒண்ணு கொஞ்சமா நீளும். அதனால தகடு வளைஞ்சு கரண்ட வெட்டிடும். ஆறினதும் நிமிந்து சேத்துடும். சேரும்போதும் பிரியும்போதும் தீப்பொறி தெறிக்கும். ஆயிரக்கணக்குல தெறிச்சுத் தெறிச்சு ஒரு நாளைக்கு ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக்கும். அதுக்கப்புறம் நிறுத்த ஆள் இல்ல. தோட்டத்துல ரப்பர் ஷீட் காய வைக்குற ஸ்மோக் ஹவுஸ்ல இதே கதைதான் நடக்கும். 40-ல ஆரம்பிச்சு 60-க்குள்ள வெச்சுக்கணும். வெறகு போடுறவன் விடிய விடிய முழிச்சிருந்தா ஷீட்டு பொன்னா வரும். அவன் கள்ளு போட்டுத் தூங்கிட்டா காலையில ஷீட்டும் இல்ல, கூரையும் இல்ல. ஆள் தூங்குறது தப்பில்ல, எல்லாரும் தூங்குவாங்க. அவன் தூங்குனா எவ்வளவு எரியுங்கிற மாதிரி வெறக அடுக்கி வெச்சிருந்தோங்கிறதுதான் சங்கதி. சின்ன அடுக்கா இருந்தா விடியுறதுக்குள்ள தானா அணைஞ்சிரும்.

அதனால ஒரு பெரிய ஹீட்டர் வேணாம், ரெண்டு சின்னது வாங்கு. 50, 50. ரெண்டும் வேற வேற மூலையில. ஒண்ணு ஒட்டிக்கிட்டா ஒத்த ஆளா மீன வேக வைக்க முடியாது. ஒண்ணு செத்துப்போனா இன்னொண்ணு ஓரளவுக்குத் தாங்கும். கடைக்காரன் "லிட்டருக்கு ஒரு வாட்டு போடு அண்ணே"ன்னு சொல்லுவான். அது வெளிய இருக்குறதவிட அஞ்சு டிகிரி ஏத்துறதுக்கான கணக்கு. உன்னோட ஏர்கோனுக்கு ரெண்டும் சேந்து 100 வாட்டு போதும், மிச்சம்கூட இருக்கும். 300 வாட்டத் திருப்பி வாங்க மாட்டேன்னா கேமரன்மலையில பூந்தோட்டத்துல இருக்கானே உன் சித்தப்பா மவன், அவனுக்கு அனுப்பு. அங்க நெசமாவே குளிரும். தொட்டிக்கு மட்டும்தான்னு சொல்லி அனுப்பு. இல்லேன்னா குளிக்குற வாளியில போட்டுருவான்.

டிஸ்கஸ் வளக்கணும்னு ஆசைப்படுறியே, அது வேற சங்கதி. அமேசான் ஆத்து மீனு அது. 28-லேருந்து 30 வரைக்கும் நெலையா நிக்கணும். பினாங்குல அத வளத்து வெளிநாட்டுக்கு அனுப்புறவங்க இருக்காங்க. அந்த மீனுக்கு ஹீட்டர் ஆடம்பரமில்ல. வெள்ளைப்புள்ளி வந்த மீனுக்கும் தண்ணிய 30-க்கு ஏத்துவாங்க. ஏத்தினா கிருமியோட சுத்து சீக்கிரம் முடியும், மருந்து அத மீன விட்டு வெளிய இருக்குறப்பப் புடிக்கும். ஆனா ஒரே மூச்சுல ஏத்தாத, ஒரு டிகிரி ஏத்திட்டு மணிக்கணக்குல பொறு. காத்துக் குமிழிய அதிகமா விடு. 25 டிகிரித் தண்ணியில லிட்டருக்கு 8 மில்லிகிராம் போல ஆக்சிஜன் தாங்கும், 30-ல 7.5 தான். சூடான தண்ணியில மூச்சுக்குப் பஞ்சம், அதே நேரத்துல மீனுக்குப் பசியும் ஓட்டமும் அதிகம்.

காசு கொஞ்சம் இருந்தா வெளிய மாட்டுற கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கு. குலிம்ல 2024-ல இன்பினியன்காரன் சிலிக்கன் கார்பைடு ஆலை தொறந்தான். கரண்டக் கட்டி மேய்க்குற சில்லு செய்யுற ஊர்ல சம்பளம் வாங்கிக்கிட்டு, வளையுற தகட்ட நம்பி உசுரக் குடுக்குறியே. கன்ட்ரோலர 28-ல வை, ஹீட்டர 29-ல வை. அன்னாடம் வெட்டி ஒட்டுற வேலைய கன்ட்ரோலர் பாத்துக்கும், அது கோட்ட விட்டா ஹீட்டர் தகடு புடிச்சுக்கும். ஆனா அதோட உணர்வுக்கம்பி தண்ணிக்குள்ளயே கெடக்கணும். உங்க வீட்டுப் பூனை அத இழுத்து வெளிய போட்டுச்சுன்னா, ரூம் குளிர அளந்துட்டு "இன்னும் சூடு பத்தல"ன்னு எரிச்சுக்கிட்டே இருக்கும். கட்டி வை. கம்பியச் சொல்றேன், பூனைய இல்ல.

மாட்டுற எடம் பில்டர் தண்ணி வந்து விழுற பக்கம். ஓடுற தண்ணிதான் சூட்டப் பரப்பும். தெர்மாமீட்டர எதிர்க் கோடியில ஒட்டு. ஹீட்டரப் படுக்க வெச்சுக் கீழ மாட்டு, மணல்ல பொதைக்காத. நிமித்தி வெச்சா தண்ணி வத்துறப்ப தலை வெளிய வரும், கண்ணாடிக் கொழாய் வெடிக்கும். ரப்பர் கப்பு நாளானா காஞ்சு பிடி விட்டுரும். இதப் பால்மரத்துக்காரன் வீட்டுல சொல்லித்தர வேண்டியதாப் போச்சே! லுவோஹான் மாதிரி மொரட்டு மீனா இருந்தா ஹீட்டருக்கு வலைக்கூடு போடு. நெத்தியில அவ்வளவு பெரிய மண்டைய வெச்சிருக்குறது சும்மா இல்ல, முட்டி ஒடைச்சிரும்.

தண்ணி மாத்துறதுக்கு முன்னாடி பிளக்கக் கழட்டு. கழட்டிட்டுக் கால் மணி நேரம் பொறு, அப்புறம் தண்ணிய எறக்கு. புதுசா மாட்டுறப்பவும் தண்ணிக்குள்ள அரை மணி நேரம் ஊற விட்டுட்டு சுவிட்சு போடு. சூடான கண்ணாடியில பச்சைத்தண்ணி பட்டா என்னாகும்னு தெரியும்தானே.

இனிமே சொல்றதுதான் உன் உசுரு சம்பந்தப்பட்டது. நீ வாங்கியாந்த சாமானுக்கு ரெண்டு குண்டு முள்ளு பிளக்கு. நம்ம சொவத்துல மூணு ஓட்டை. நீ என்ன செய்வேன்னு தெரியும். பால்பாய்ன்ட் பேனாவ மேல் ஓட்டையில குத்தி, கதவத் தொறந்து, அந்தச் சந்துல சொருகுவ. மலேசியாக்காரன் கண்டுபுடிச்ச அந்த வித்தைக்கு இன்னும் யாரும் விருது குடுக்கல. தண்ணிக்குள்ள கெடக்குற கரண்டுச் சாமானுக்கு அது ஆகாது. பிளக்குத் தலையில சிரிம் முத்திரை இருக்கணும், மூணு முள்ளு இருக்கணும். ஒயர் நேரா பிளக்குக்கு எறங்கக் கூடாது. கீழ ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேல ஏறணும், அப்பதான் ஒயர் வழியா வர்ற தண்ணி வளைவுல சொட்டும், பிளக்குல போகாது. எக்ஸ்டென்ஷன் கட்டைய தொட்டிக்குக் கீழ தரையில போடாத. அப்புறம் மெயின் பொட்டியில, கரண்டு கசிஞ்சா வெட்டுற ஆர்.சி.சி.பி. மேல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாரு. 100 மில்லிஆம்ப்னா அது வீட்டத் தீயிலேருந்து காப்பாத்துற அளவு, உன்னக் காப்பாத்தாது. ஆளுக்கு 30. இல்லேன்னா ஒயர்மேனக் கூப்புடு. மாசம் ஒரு தடவ டெஸ்ட் பட்டன அமுக்கு. டிவி அணைஞ்சதுன்னு உங்க பாட்டி கத்துவா, அமுக்கத்தான் வேணும்.

ஏர்கோன் கெட்டு நிக்குற மார்ச் மாசத்துல எல்லாம் தலைகீழ். அப்ப ஹீட்டரக் கழட்டி வெச்சுட்டு மூடியத் தொற, மேஜை ஃபேன தண்ணி மேல திருப்பி விடு. ரெண்டு மூணு டிகிரி எறங்கும். ஃபேன் ஓடினா தண்ணி வத்தும், தெனம் கொஞ்சம் ஊத்தணும். குழாத்தண்ணிய நேரா ஊத்தாத, குளோரின் போக மருந்து கலந்து ஊத்து. நீ ஷிப்டுல இருக்குற அன்னிக்கு நான் வந்து ஊத்துறேன். சும்மா இல்ல. ஒரு நாளைக்கு ஒரு தே தாரிக், சீனி நல்லா போட்டு. பாட்டிகிட்ட சீனி கொறைச்சல்னு சொல்லணும்.