வீட்டு ஹார்ட் டிஸ்க் விசாரம்

பிரயாணம் புறப்படும் மனிதன் எதை எடுத்துச் செல்வது, எதை வீட்டில் விட்டுச் செல்வது என்பதைப் பற்றி நம் பெரியோர்கள் வேண்டிய மட்டும் யோசித்து வைத்திருக்கிறார்கள். ஆனால், விட்டுச் சென்ற பொருள் விட்ட இடத்திலேயே இருக்க, எங்கோ ஒரு லாட்ஜ் அறைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து பார்ப்பது எவ்வாறு என்னும் பிரச்னையை மட்டும் அவர்கள் நம் தலைமுறைக்கென்று ஒதுக்கிவிட்டுப் போயினர் போலும். இங்கே நாம் ஆராயப் புகும் பொருள், டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில், ஒரு குட்டி விசிறியின் முனகலோடும் ஒரு நீல விளக்கோடும் குடியிருக்கும் கறுப்புப் பெட்டியாகும். அதனுள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். அவற்றினுள்ளே கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், ‘புதியது’, ‘புதியது 2’, ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’ என்னும் நாமங்களைத் தாங்கிய ஃபோல்டர்கள்.

இச்சாஸ்திரத்தின் முதல் சூத்திரம், பெட்டியில் உள்ள வஸ்து வீட்டில் இருக்கும் காலத்தில் ஒருவருக்கும் வேண்டியிருப்பதில்லை என்பது. மேற்கு மாம்பலத்தில் பெட்டிக்கு மூன்றடி தூரத்தில் நாற்காலி போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் அதன் பக்கம் திரும்பியும் பாராத கிருகஸ்தர், பெங்களூருக்கு ரயிலேறி ஜோலார்பேட்டையைத் தாண்டியதும், மைத்துனர் மகனின் காதுகுத்துப் படத்தை அந்த க்ஷணமே எதிர் ஸீட்டுக்காரருக்குக் காட்டியாக வேண்டும் என்று தவிக்கத் தொடங்குகிறார். இத்தவிப்பின் காரணம் மனோதத்துவ பண்டிதர்களின் எல்லையைச் சேர்ந்தது. அதைத் தீர்க்கும் உபாயமே நம் விஷயம்.

உபாயத்துக்கு முன்னால் விலாசம். இணையத்தில் ஒரு கணினியை அடைய அதன் விலாச எண் தெரிந்தாக வேண்டும். 1981-இல் வகுக்கப்பட்ட முறைப்படி அந்த எண் 32 பிட்டுகளால் ஆனது. ஆகையால் உலகத்துக்கெல்லாம் சேர்த்து 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 விலாசங்கள்தாம் உண்டு. அன்றைக்கு இது அக்ஷய பாத்திரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தின் மத்திய கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதியோடு தீர்ந்தது. இப்படி நேரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்த அறிஞர்கள், 1994-இல் விலாசத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு தந்திரத்தையும், 1996-இல் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி விலாசத் தொகுதிகளையும் ஏற்பாடு செய்து வைத்தனர். அந்தப் புண்ணியத்தால், மாம்பலத்துப் பெட்டியின் எண் 192.168.1.20 என்றால், மதுரையிலும் மாஸ்கோவிலும் கணக்கற்ற பெட்டிகள் அதே எண்ணை அணிந்துகொண்டு, தத்தம் வீட்டில் தாமே ஏகநாயகர் என்ற எண்ணத்தில் வாழ்கின்றன. வெளியுலகத்துக்கு இவ்வெண்கள் எவையும் தெரியமாட்டா. ஐம்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்துக்குத் தெருவில் ஒரே கதவு எண். வாசலில் ஒரு வாட்ச்மேன். உள்ளிருந்து ஒருவர் கடிதம் எழுதி, அதற்குப் பதில் வந்தால், அதை வாங்கி உரிய வீட்டில் சேர்ப்பிப்பது அவன் தர்மம். யாரும் அழைக்காமல் வந்து, எந்த வீடு என்று சொல்லவும் தெரியாமல் நிற்கும் அந்நியனைத் திருப்பி அனுப்புவதும் அவன் தர்மமே. ரூட்டர் செய்வது இதுதான். ரயிலில் இருக்கும் யஜமானர் அந்த வாட்ச்மேனின் கண்ணுக்கு அந்நியர் என்பதே இப்பிரச்னை முழுவதன் ஸாராம்சம்.

இதற்குப் பரிகாரம் தேடிப் புறப்பட்டவர்கள் மூன்று சம்பிரதாயங்களாகப் பிரிந்தனர். பழமையானவர்கள் துவாரவாதிகள். ரூட்டரின் வயிற்றுப்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தலைகீழாகப் படித்து, அதில் அச்சிட்ட பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அவ்வண்ணமே அடித்து உள்ளே புகுந்து, போர்ட் எனப்படும் 65,535 துவாரங்களில் ஒன்றைத் திறந்து, அதன் வழியாக வருவோரையெல்லாம் கறுப்புப் பெட்டிக்கு அனுப்பிவிடு என்று ஆணையிடுவது இவர்கள் மார்க்கம். வெளி விலாசம் ரூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் மாறக்கூடியதாகையால், மாறுந்தோறும் அதைத் தொடர்ந்து பதிவு செய்துகொள்ளும் டைனமிக் டி.என்.எஸ். என்னும் சேவையையும் அமர்த்திக்கொள்வர். ஏற்பாடு அபாரமாக வேலை செய்யும். வேண்டாதவர்களுக்கும் வேலை செய்யும் என்பது ஒன்றே குறை.

துவாரவாதி ஒருவரிடம் இதை எடுத்துச் சொன்னால், தாம் வழக்கமான 22-ஆம் துவாரத்தை விட்டு 2222-ஆம் துவாரத்தைத் திறந்திருப்பதாகவும், திருடனுக்கு அது எவ்வாறு தெரியும் என்றும் புன்னகையோடு கேட்பார். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இயற்றிய ஸீமேப் என்னும் கருவி, ஒரு துவாரத்தைக் குறித்து 32 பிட் விலாச உலகம் முழுவதையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது என்பதை அவர் அறியார். கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் 445-ஆம் துவாரத்தின் வழியாக 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் புழு உலகைச் சுற்றி வந்ததையும், 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளை வைத்திருந்த பலர் ஒரு காலையில் எழுந்து பார்க்கையில் தங்கள் பெட்டி கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோல் பரிசுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்ததையும், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் கொள்ளை நிரல் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிவிட்டுத் தலைக்கு 0.03 பிட்காயின் கேட்டதையும் இச்சம்பிரதாயத்தார் சிரத்தையோடு பாராயணம் செய்வது நலம். மை புக் லைவ் பெட்டிகளில் துவாரத்தைச் சில இடங்களில் யஜமானரே திறந்தார். வேறு சில இடங்களில் யு.பி.என்.பி. என்னும் வசதியின் பேரால் பெட்டியே ரூட்டரிடம் கேட்டுத் திறந்துகொண்டது. அந்தப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பு வரவேயில்லை. பாதுகாப்புக்கென்று வாங்கிய பெட்டி தன் கதவைத் தானே திறந்து வைப்பதை விடப் பெரிய துரோகம் இவ்விஷயத்தில் எனக்குத் தென்படவில்லை.

நம் தேசத்தில் துவாரவாதத்துக்கு இன்னொரு விக்கினமும் உண்டு. வெளி விலாசங்கள் கிட்டாத காரணத்தால், இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளில் பலவும் ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே விலாசத்தின் பின்னே அடைத்துவிட்டன. அதாவது, கட்டடத்து வாட்ச்மேனைத் தாண்டிக் காலனி வாசலில் இன்னொரு வாட்ச்மேன் நிற்கிறான். அவன் நம்மிடம் சம்பளம் வாங்குபவன் அல்லன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி விலாசம் 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் ஏதேனும் ஓர் எண்ணாகத் தெரிந்தால், 2012-இல் இந்தக் காரியத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் நாம் அகப்பட்டிருக்கிறோம் என்று அறிக. அப்போது நம் ரூட்டரில் எத்தனை துவாரம் திறந்தும் பிரயோஜனமில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், “ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்னும் மகாவாக்கியம் உபதேசிக்கப்படும். மேற்கொண்டு வற்புறுத்தினால், மாதாமாதம் தனிக் கட்டணம் கட்டி நிலையான விலாசம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். 128 பிட் விலாசங்களை உடைய ஐ.பி. ஆறாம் பதிப்பு 1998-லேயே வகுக்கப்பட்டுவிட்டதே, அதில் பெட்டிக்குப் பெட்டி சொந்த விலாசம் உண்டே என்று கற்றறிந்தோர் ஆட்சேபிக்கலாம். உண்டுதான், நாம் தங்கும் லாட்ஜின் வைஃபைக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது சம்பிரதாயத்தார் மத்தியஸ்தவாதிகள். பெட்டியைச் செய்த கம்பெனியின் கணினி நடுவில் நிற்க, பெட்டி உள்ளிருந்து அதனோடு பேச்சை ஆரம்பிக்க, யஜமானர் வெளியிலிருந்து அதே இடத்துக்கு வர, கோப்பு கை மாறுகிறது. பேச்சை ஆரம்பித்தது உள்ளிருப்பவராகையால் எந்த வாட்ச்மேனும் தடுப்பதில்லை. கறுப்புப் பெட்டி வாங்கிய ஐந்தாம் நிமிஷத்தில் வேலை நடக்கும். தத்துவச் சிக்கல் ஒன்றே: தம் படங்கள் எந்தக் கம்பெனியின் கணினியையும் அண்டக்கூடாது என்ற வைராக்கியத்தினால் இவ்வளவு பணம் போட்டுப் பெட்டி வாங்கியவர், கடைசியில் ஒரு கம்பெனியின் கணினி வாசலில் வந்து நின்று தம் படத்தைத் தமக்கே காட்டும்படி கேட்கிறார்.

மூன்றாமவர் சுரங்கவாதிகள், என் பக்ஷபாதம் இவர்களிடம் என்பதை மறைப்பானேன்? வி.பி.என். என்னும் ரகசியச் சுரங்கத்தின் ஒரு முனையை வீட்டிலும் மறுமுனையைக் கைப்பேசியிலும் பொருத்திவிட்டால், யஜமானர் தம் வீட்டுக்குள்ளேயே இருப்பதாகப் பெட்டி நம்பிவிடும். ஜேசன் டோனன்ஃபெல்ட் இயற்றி, 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்ட், சரியான சாவி இல்லாதவன் தட்டினால் மறுமொழியே சொல்வதில்லை; உள்ளே ஆள் இருப்பதே தட்டியவனுக்குத் தெரியாது. அதன்மேல் எழுப்பப்பட்ட டெயில்ஸ்கேல் போன்றவை, இரு முனைகளையும் உள்ளிருந்து வெளியே புறப்படச் செய்து நடுவழியில் சந்திக்க வைப்பதால், காலனி வாட்ச்மேன் இருக்கும் இடத்திலும் பலிக்கின்றன.

ஆனால் எந்தச் சம்பிரதாயமும் கம்பியின் அகலத்தை மாற்றாது. வீட்டிலிருந்து கோப்பு வெளியேறும் வேகமே இங்கே கணக்கு. அது பத்து மெகாபிட் என்றால், நான்கு ஜி.பி. கல்யாண வீடியோ வந்து சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். எதிர் ஸீட்டுக்காரர் அதற்குள் கண்டோன்மென்ட்டில் இறங்கிவிடுவார்.

இவ்வளவுக்கும் மேலாக நாலாவது மார்க்கம் ஒன்று உண்டு. நூலாசிரியர்கள் அதைக் குறிப்பிடாவிடினும் தேசமெங்கும் அனுஷ்டானத்தில் இருப்பது அதுவே.

“அம்மா, டி.வி.க்குக் கீழே கறுப்புப் பெட்டி இருக்குல்ல, அதுல நீல லைட் எரியுதா பாரு.”

“எரியலையேப்பா. சட்டைக்கு அயர்ன் போடணும்னு உங்கப்பா காலையில அந்த ப்ளக்கைத்தானே பிடுங்கினாரு.”

“திரும்பப் போடும்மா.”

“போட்டாச்சு. லைட் வரல.”

“முன்னாடி ஒரு பட்டன் இருக்கும் பாரு, அதை ஒரு தடவை அமுக்கு.”

மேற்படி சம்பாஷணையின் கடைசி வரி தவிர்க்கத் தக்கது. மின்சாரம் திரும்பியதும் தானாகவே எழுந்துகொள்ளும்படி பணிக்கும் அமைப்பு ஒன்று இப்பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கிறது; கடையில் வாங்கும்போது அது எப்போதும் முடுக்கப்பட்டிருப்பதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோபாவில் அமர்ந்து, வீட்டு வைஃபையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்து, வித்தை கைவந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அது வீட்டுக்குள்ளிருந்து வீட்டைப் பார்த்த கதை, அதில் பரீட்சை ஒன்றும் இல்லை. கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால், பத்திர நகலையும் காதுகுத்துப் படத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறுங்கள்.