மானத்துக் கல்லுக்கும் ஊரு பேரு வேணுமாம்

என்னடா பேராண்டி, சாக்கும் கையுமா இஸ்தோப்புல வந்து நிக்கிற? கல்லா? மானத்துலேர்ந்து விழுந்ததா? விழுறப்போ பார்த்தியா? பார்க்கல. கொந்தரப்புக் கொழுந்துக்குப் போனப்போ கான்ல கெடந்துச்சு, அவ்வளவுதான். கான்ல கெடக்குறதெல்லாம் மானத்துலேர்ந்து வந்ததுன்னா, நம்ம தோட்டத்துல கெடக்குற பிளாஸ்டிக் போத்தல் அத்தனையும் சந்திர மண்டலத்துச் சரக்குதான்.

யாரோ தரகர் கோடிக் கணக்குல வெல சொன்னாராமே? சொல்லுவாரு. கஜமுத்துன்னு அலைஞ்சவனுக்கும் இதே கோடிதான் சொன்னாங்க, வலம்புரிச் சங்குக்கும் இதே கோடிதான். தமிழ்நாட்டுல இரிடியம் சொம்பு அரிசிய இழுக்குதுன்னு சொல்லி ஊரையே இழுத்தானுங்க. வாங்குறதுக்கு முந்தி "பரிசோதனைச் செலவு"ன்னு உங்கிட்டயே காசு கேப்பாரு பாரு, அப்பத் தெரியும் யாரு கல்லு யாரு கண்ணாடின்னு.

சரி, காந்தத்த எடு. ஒட்டுதா? ஒடனே பல்லக் காட்டாத. மானத்துக் கல்லுல பெரும்பாலும் இரும்பும் நிக்கலும் கலந்து கெடக்கும், அதனால ஒட்டும். ஆனா காந்தத்துக்கு ஆளு பாக்கத் தெரியாது, மேக்னடைட்டுலயும் போய் ஒட்டிக்கும். தேத்தண்ணிக் கோப்பையக் கவுத்து, அடியில மினுக்கு ஏறாத வளையத்துல கல்ல இழு. செவப்புக் கோடு விழுந்தா ஹேமடைட்டு, நல்ல கறுப்பா விழுந்தா மேக்னடைட்டு. மானத்துக் கல்லு லேசுல கோடு போடாது. கோடு பாத்தாச்சுல்ல, இப்ப கல்லோட மேல்பக்கத்தப் பாரு. இது ஏண்டா இத்தன பொத்தல்? மானத்துக் கல்லுல பொதுவா இப்படிப் பொத்தல் இருக்காது. இது இரும்பு உருக்கிக் கழிச்ச கிட்டம்டா!

மூஞ்சியத் தொங்கப் போடாத. கிட்டம்னா கேவலமில்ல. நமக்கு மேக்கால சமனலவெவப் பக்கத்துல, ஆயிரம் வருசத்துக்கு முந்தி மலைச்சரிவுல உலைய மேக்கப் பாத்துக் கட்டி வச்சிருந்தாங்க. துருத்தி ஊத ஆளு வேணாம், தென்மேற்குப் பருவக்காத்து வந்து ஊதிட்டுப் போகும். கில் ஜூலெஃப்னு ஒரு வெள்ளக்கார அம்மா அதத் தோண்டிப் பாத்து, அதே மாதிரி உலை கட்டி உருக்கியும் காட்டி, 1996ல பெரிய விஞ்ஞான சஞ்சிகையில எழுதுனாங்க. நம்ம மேல அடிக்கிற காத்துக்குச் சம்பளமில்லாம வேல வாங்குன கெட்டிக்காரனுங்க. பின்னால வந்த தொரைமாரு அந்தக் காத்த விட்டுட்டு நம்மளப் புடிச்சுக்கிட்டாங்க.

மெய்யான மானத்துக் கல்லும் நம்ம பக்கம் விழுந்திருக்கு, இல்லன்னு சொல்லல. 1795 ஏப்ரல்ல முல்லைத்தீவுல விழுந்தது ஒன்னு. இப்ப மிச்சம் இருக்குறது 25 கிராம் சொச்சம், ஒரு பொட்டலம் மூக்குப்பொடி அளவு. மதுரைச் சீமையில 1857 பிப்ரவரி 28ல பர்ணல்லின்னு ஒன்னு விழுந்துச்சு, மொத்தம் 77 கிலோவுக்கு மேல. நம்ம பாட்டன்மாரு கோப்பித் தோட்டத்துக்கு நடந்துக்கிட்டிருந்த காலம் அது. மனுசன் கண்டிக்குப் போனான், பெரிய துண்டு லண்டனுக்குப் போச்சு. 1898ல கொடைக்கானல் மலையில கெடச்சது கிட்டத்தட்ட 16 கிலோ இரும்பு. 2008 செப்டம்பர்ல கிருஷ்ணகிரிப் பக்கம் சூளகிரியில ஒன்னு, நூறு கிலோவுக்கு மேல.

நம்ம நாட்டு ரகளையும் ஒன்னு உண்டு. 2012 டிசம்பர் 29ல பொலன்னறுவப் பக்கம் கல்லு விழுந்துச்சுன்னு சொன்னாங்க. சந்திர விக்ரமசிங்க, பெரிய வானவியல் படிச்ச மனுசன், அதுக்குள்ள டயாட்டம்ங்கிற பாசி இருக்கு, உயிரு மானத்துலேர்ந்து வந்ததுக்கு இதான் சாட்சின்னுட்டாரு. மத்தவங்க பாத்துட்டு, இது நம்ம கொளத்துப் பாசிதான், கல்லே மானத்துக் கல்லில்லன்னுட்டாங்க. மானத்துக் கல்லுக்குன்னு இருக்குற உலகப் பதிவேட்டுல அது ஏறவேயில்ல. பேராசிரியருக்கே அந்தக் கதின்னா, நீ ஏழாங்கிளாசு.

சாக்குல இன்னொன்னு இருக்கா? எடு, எடு. ம்ம். இது பொத்தலில்ல. கறுப்புத் தோல் மெல்லிசா, தீஞ்சாப்புல இருக்கு. கோடும் போடல. அரத்தால ஒரு மூலைய மட்டும் ராவிப் பாரு, சுத்தியலத் தொடாத. உள்ளுக்குள்ள வெள்ளி மாதிரி பொடிப்பொடியா மின்னுனா, குரக்கன் தூவுன மாதிரி உருண்டை தெரிஞ்சா, காண்ட்ரைட்டா இருக்கலாம். விழுற கல்லுல பெரும்பங்கு அந்த வகைதான். அதுக்குள்ளயும் பிரிப்பானுங்க. இரும்பு கூடுனது எச், கொறஞ்சது எல், இரும்போட உலோகமும் கொறஞ்சது எல்எல். எவ்வளவு சூட்டுல வெந்துச்சுன்னு மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் நம்பர். எந்தத் தாய்க்கல்லுலேர்ந்து ஒடைஞ்சுதுன்னும் கேப்பானுங்க. ஊரெது, பங்காளி யாருன்னு பெரட்டுக்களத்துல கங்காணி கேட்ட அதே கேள்வி, கல்லும் தப்ப முடியல.

கடைசியில பேரு. மானத்துக் கல்லுக்குக் கண்டெடுத்தவன் பேரு வைக்க மாட்டாங்க, பக்கத்து எடத்தோட பேருதான். இது மெய்யா இருந்தா உலகப் பதிவேட்டுல நம்ம ஊரு பேரு, "மீரியபெத்த"ன்னு ஏறும். நம்ம பேரு ஏற்கெனவே ஒரு தடவ உலகம் பூரா போயிருக்கு, ஞாபகமிருக்குல்ல? 2014 அக்டோபர் 29, காலையில ஏழரை மணிவாக்குல. மானத்துலேர்ந்து ஒன்னும் விழல, மலையே விழுந்துச்சு. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 2005லயும் 2011லயும் இந்த எடம் ஆபத்துன்னு சொன்னாங்க. சொல்லு வந்துச்சு, வீடு வரல. விண்வெளியில உருளுற கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டு வழி பாக்குறானுங்க, நம்ம லயத்துக்கு மேல தொங்குன மலைக்கு ஒரு கணக்குப்புள்ள கெடைக்கல.

அதனால, நாளைக்குத் தரகர வரச் சொல்லாத. கல்லு கெடந்த எடத்தப் போன்ல படம் எடு. பதுளையில ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கு, கொண்டு போய்க் காட்டு. பேரு பதியணும்னா 20 கிராமோ, அஞ்சுல ஒரு பங்கோ, எது கொறைவோ அதக் கொடுக்கணும். முழுசையும் யாரு கையிலயும் கொடுத்துட்டு வராத, எழுத்துல ரசீது வாங்கு. அந்தப் பொத்தல் கல்லையும் சேத்துக் கொண்டு போ. எந்தக் கான்ல கெடந்துச்சுன்னு சரியாச் சொல்லு, அங்கயும் ஒரு உலை இருந்திருக்கலாம்.