ஃபாரின் மிஷனரி எழுதுவது

தெமோதரை,
பதுளை மாவட்டம்.

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அடுத்த நிமிஷமே சபை குரூப்பில் போட்டுவிடுகிறீர்கள். 'ஃபாரின் மிஷனரியின் குரல்' என்று தலைப்பு வேறு. அதனால்தான் தாளில் எழுதி, ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசித்துவிட்டு வேதாகமத்துக்குள் மடித்து வையுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் வாசிக்க வேண்டாம்.

முதலில் இந்த ஃபாரின் சங்கதி. மதுரையில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பு. முதலூரிலிருந்து மதுரைக்கு வந்ததுதான் நெடும்பயணம். ஆனால் கொழும்பிலிருந்து இங்கே வர ஒரு பகல் முழுக்க ரயிலில் போய்விட்டது. பதுளைக்குப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். மலையில் வண்டி ஓடுகிறது என்று சொல்ல மனசு வரவில்லை, யோசித்து யோசித்துப் போகிறது.

தெமோதரை ஸ்டேஷனைப் பார்த்தால் அப்பா விடவே மாட்டார். வண்டி இங்கிருந்து கிளம்பி, மலையை ஒரு வட்டம் அடித்து, சுமார் 30 மீட்டர் கீழே இறங்கி, இதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து பதுளைக்குப் போகிறது. 1924-இல் பதுளைக்கு ரயில் வந்ததிலிருந்தே இப்படித்தான். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு யோசனை உதித்தது என்கிறார்கள். வண்டியைத் தவறவிட்டவனுக்குக் காலுக்கு அடியில் அதே வண்டி இன்னொரு தடவை போகும். ஏறத்தான் முடியாது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்குப் போனாலும் கோதுமை மா ரொட்டி, கட்டசம்பல், பால் இல்லாத சாயத்தண்ணி. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியை எடுத்து நீட்டினேன், நல்ல மரியாதை கிடைத்தது. அந்தத் தைரியத்தில் நம் ஊர்ப் பெருமை மஸ்கோத் அல்வாவைப் பிரித்தேன். "அட, மஸ்கட்! கொழும்புக் கடையில வாங்கினீங்களா தம்பி?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. விமானத்தில் கிலோ கணக்குப் பார்த்துத் தூக்கி வந்தது அம்மா இது.

ஊழியம் நடக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனால், நான் கையைத் தூக்குமுன் அவர்கள் சரணத்தை முடித்துவிட்டார்கள். எல்லாம் யூடியூப். யோனாவும் மீனும் கதையை உருக்கமாகச் சொல்லி, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். "அண்ணா, தோனியை நேர்ல பாத்திருக்கீங்களா?"

வீடு சந்திக்கப் போகும்போது அட்டைதான் முதலில் வரவேற்கிறது. காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் கிளம்புகிறோம். 1850-களில் தமிழ்க் கூலி மிஷன் என்று ஆரம்பித்தபோது நம் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசிமார் இந்த நாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு வந்து ஊழியம் செய்திருக்கிறார்கள். அவர்களையும் அட்டை கடித்திருக்கும். நான் வந்தபோது காப்பி போய்த் தேயிலை வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அட்டை மட்டும் பழைய அட்டைதான்.

மத்தியானமானால் இடி. சும்மா இடி இல்லை, கூரைத் தகரம் கழன்று கையில் வந்துவிடும் போல. இந்த இடிக்கு நடுவில் இங்குள்ள போதகர் ஐயா எங்களைப் பதுளை புனித மாற்கு ஆலயத்துக்குக் கூட்டிப்போய், அது மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாகக் கட்டியது என்றார். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவராம். 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்துப்போனார். எண்ணிக்கை எனக்குச் சந்தேகம்தான், வேட்டைக்காரர்களும் நம் மாமாவும் ஒரே பள்ளிக்கூடம். ஆனால் ஆலயம் கட்டுமுன் யானைகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் இடி இடித்தபோது நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன் என்று போதகர் அம்மா சொன்னால் நம்பாதீர்கள், செருப்பைத் தேடினேன்.

நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்த ஃபாரினுக்கு இங்கே மதிப்பே இல்லை. இவர்களுக்கு ஃபாரின் என்றால் குவைத், சவூதி. வீட்டு வேலைக்குப் போன அம்மாமார் அனுப்பும் காசில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டதே 2021-இல்தான். நான் இந்தியா என்றால், "அது நம்ம ஊருதானே, திருச்சிப் பக்கமா?" என்கிறார்கள். இந்தியாவைப் பார்த்தே இராதவர்கள், நான்கு தலைமுறைக்கு முந்திய தங்கள் முன்னோரின் கிராமத்துப் பெயரைச் சொல்லி, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். திருச்சியை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

லயத்தின் கடைசித் தொங்கல் வீட்டில் ஒரு தாத்தா. அவருடைய அக்கா, 1964 சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் பேர் விழுந்து, கோத்தகிரிக்குப் போனவர். இங்கே கொழுந்து பறித்தவர், அங்கேயும் கொழுந்துதான் பறித்தாராம். முதலில் கடிதம் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. "இந்தியாவுல இருந்து வாறீங்க, பாத்திருப்பீங்களே" என்கிறார். முதலூருக்கும் கோத்தகிரிக்கும் உள்ள தூரத்தை அவரிடம் விளக்கிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கோத்தகிரியில் நம் பெரியப்பா மகன் டீச்சராக இருக்கிறானே, அவனிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள். அக்காவின் பெயரும் பழைய முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இதை மட்டும் சபை குரூப்பில் போடலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் ஸ்தோத்திரம். அடுத்த தடவை அல்வா வேண்டாம், கருப்பட்டி போதும்.

இப்படிக்கு
உங்கள் மகன்