ஓநாயை எதற்கு வளர்த்தான்?

பாதி ஐரோப்பாவைக் கட்டி ஆண்ட சார்லமேனுக்கு எழுதத்தான் வரவில்லை. தலையணைக்கடியில் பலகையை வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுத்துப் பழகினாராம். வயசு போன பிறகு தொடங்கியதால் கை வளையவில்லை என்று அவர் அரசவையிலேயே இருந்த ஐன்ஹார்ட் போட்டுக்கொடுத்திருக்கிறார். ராஜாவே இப்படி என்றால் அரண்மனைப் பிள்ளைகளை யார் தேற்றுவது? 782 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து அல்குயின் என்ற வாத்தியார் வந்து இறங்கினார்.

புத்தியைத் தீட்ட என்று 50-க்கு மேற்பட்ட கணக்குகள் கொண்ட லத்தீன் ஏடு ஒன்று அவர் பெயரில் வழங்குகிறது. நம் பாட்டிகளின் புலி, ஆடு, புல்லுக்கட்டு அங்கே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் கட்டு. ஆட்டை அக்கரை சேர்த்து, ஓநாயை ஏற்றிப்போய், ஆட்டைத் திருப்பிக் கூட்டிவந்து, கோஸைக் கொண்டுபோய், மறுபடி ஆட்டுக்காக வந்து... 7 நடை. ஆற்றைக் கடக்க இவ்வளவு யோசித்தவன் ஓநாயை எதற்கு வளர்த்தான் என்று ஒரு பையனும் கேட்டதாகத் தகவல் இல்லை. கேட்டிருந்தால் பிரம்படிதான்.

நாள் முழுக்க உழுத மாடு கடைசிச் சாலில் எத்தனை குளம்படி விட்டிருக்கும்? பையன்கள் விரல் மடக்கியிருப்பார்கள். விடை: ஒன்றுகூட இல்லை. மாடு முன்னால் மிதிக்க மிதிக்க, பின்னால் வரும் கலப்பை புரட்டிப் போட்டுவிடும். ஏர் பிடித்தவன் பிள்ளை சட்டென்று சொல்லியிருப்பான். அரண்மனையில் அவனுக்கு ஏது பெஞ்சு?

இன்னொன்று பச்சை அக்கிரமம். 300 பன்றிகளை 3 நாளில் வெட்ட வேண்டும், தினமும் ஒற்றைப்படையில். மூன்று ஒற்றைப்படைகளைக் கூட்டினால் ஏழு ஜென்மத்துக்கும் 300 வராது. பிள்ளைகளைத் திட்டுவதற்காகவே போட்ட கணக்கு இது என்று ஏட்டிலேயே கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறது! எங்கள் கணக்கு வாத்தியாரும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் ஒன்றை எழுதிப்போட்டு, "முடிச்சவன் வீட்டுக்குப் போலாம்" என்பார். மத்தியானம் 2 மணிக்கு வாட்ச்மேன் வந்து விரட்டும்வரை ஒருவனும் போனதில்லை.

ஏட்டின் முதல் கணக்கில் ஒரு நத்தையைத் தகைவிலான் குருவி சாப்பிடக் கூப்பிடுகிறது. தூரம் 7,500 அடி. நத்தை நடப்பதோ நாளுக்கு ஓர் அங்குலம். ஆக 90,000 நாள். ஏட்டு விடைப்படி 246 வருஷம், 210 நாள். அல்குயின் கண்மூடிய 804-இல் அது கிளம்பியிருந்தாலும், இலை போடும்போது 1050 ஆகியிருக்கும்.